தூக்காத கை

பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தது ஐஸ் பெட்டி.
ஜாலான் ரெசிடென்சியிலிருந்து குளுகோர் வரை
மோட்டார்காரன் மழைக்கு எங்கும் ஒதுங்கவில்லை.
உள்ளே இரண்டு குப்பிகள்:
கட்டியிலிருந்து ஒரு துண்டு,
இரண்டு விரல் தள்ளி, நல்ல ஈரலில் ஒரு துண்டு.
பெயர் எழுதக் கூடாது.
41 க. 41 ந.

பெயர் எனக்குத் தெரியும்.
ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கியவள் நான்தான்.
சன்னாசி, ஐம்பத்தேழு, பட்டர்வொர்த் துறைமுகம்.
பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய பி வைரஸ்
வாடகை கொடுக்காமல் அத்தனை வருஷமும் குடியிருந்தது.
"குடிச்சே கெடுத்துக்கிட்டான்னு பேசறாங்க மிஸ்.
நான் குடிக்கிறது தே ஓ கோசோங்."

எதைத் தேடறீங்க என்று கேட்டார்.
பாடப்புத்தகம் போல ஆரம்பித்தேன்:
டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம்.
ஆனால் நீளமான சில ஆர்என்ஏக்கள்
எந்தப் புரதத்தையும் செய்வதில்லை.
குப்பை என்றே ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.
"அப்ப அதுக்கு என்னதான் வேலை?"

தடுமாறினேன்.
சங்கடப்படுகிறாளே என்று அவர்
பேச்சை மாற்றினார்.
இருபத்தாறு வருஷமாக சிக்னல்மேன்.
மஞ்சள் தொப்பி, கையுறை, விசில்.
"ஒரு கொண்டெய்னரையும் நான் தூக்குனதில்ல மிஸ்.
விரலை மேல காட்டிச் சுத்துனா ஏறும்.
கீழ காட்டிச் சுத்துனா இறங்கும்.
முஷ்டிய மடக்குனா நிக்கும்.
கிரேன்ல உக்காந்திருக்கிறவனுக்கு
கீழ ஒண்ணுமே தெரியாது.
என் கையத்தான் பாக்கறான்."

பேனாவை மூடினேன்.
அதேதான், அண்ணே, என்றேன்.
எது அதேதான் என்று அவருக்குப் புரியவில்லை.
ரத்த அழுத்தம் பார்க்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

இப்போது நைட்ரஜன் புகையில்
41 க-வை இடித்துத் தூளாக்குகிறேன்.
பேச்சு மூச்சில்லை.
ஆர்என்ஏ அறுந்துபோக
என் விரல் வியர்வையே போதும்.

மதியம் மூன்றரைக்குத் திரையில் கோடுகள் எழும்பின.
எச் பத்தொன்பது:
கருவில் ஈரல் வளரும்போது ஓயாமல் பேசுவது,
பிறந்தபின் ஈரலில் வாய் மூடுவது.
41 ந-வில் முப்பதாம் சுழற்சி வரை முனகலே இல்லை.
41 க-வில் இருபத்தொன்றிலேயே செங்குத்தாக ஏறிவிட்டது.
ஒன்பது சுழற்சி என்றால் ஐந்நூறு மடங்கு.

எப்போதோ ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவன்
ஐம்பத்தேழு வருஷம் கழித்து
அதே தொப்பியோடு தளத்துக்கு வந்து நிற்கிறான்.
விரல் மேலே பார்த்துச் சுற்றுகிறது, சுற்றுகிறது.
மேலே இருப்பவன் கேள்வி கேட்பதில்லை.

இப்படி எழுதினால் தலைவர் அடித்துவிடுவார்.
அதே எச் பத்தொன்பது
கட்டியைத் தடுக்கிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.
ஏற்றச் சொல்கிறதா, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறதா,
திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.
அட்டவணையில் எண்ணை மட்டும் இட்டேன்.
இந்த எண்ணால் சன்னாசிக்கு
ஒரு மாத்திரைகூடக் கூடப்போவதில்லை.
அதையும் கையெழுத்து வாங்கும்போதே சொல்லியிருந்தேன்.
"பரவால்ல, யாருக்காச்சும் ஆவும்" என்றார்.
மிச்சத் தூளை மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டினேன்.

ஆறே கால் ஃபெரி.
மழை விட்ட கடல், டீசல் வாடை.
அக்கரையில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன.
நீல கொண்டெய்னர் ஒன்று
கம்பியில், பாதி உயரத்தில், அசையாமல்.
கீழே யாரோ நிற்க வேண்டும்.
இத்தனை தூரத்துக்குக் கை தெரியவில்லை.