ஏழு நொடிச் சாவி

சப்ரியானுக்கு ஒரு தங்கச் சாவி வேண்டும்.
திரை முழுக்கக் கறுப்பு,
நடுவே அது மெல்லச் சுழல வேண்டும்,
க்ளிக்,
கதவுகள் இரண்டும் விலகிக்கொள்ள
அவர் பெயர் ஒளிர வேண்டும்.
மருமகன் எதிலோ பார்த்துவிட்டு வந்து சொன்னானாம்.
"மொத்தம் ஏழு நொடிதானே, தெமெனுகா."

ப்ளோவ்திவ் ரயில் நிலையத்துக்குப் பின்தெரு.
ஓர் ஆள் கை விரித்தால் முடிந்துபோகிற கடை.
சுவரெல்லாம்
இன்னும் பல் முளைக்காத சாவிகள்.
சாவி வெட்டும் எந்திரத்தின் மேல் துண்டை விரித்து
என் மடிக்கணினிக்கு இடம் செய்து தந்தார்.
அன்று உள்ளே போன பித்தளைத் தூளில்
ஒரு விசை இன்றும் நறநறக்கிறது.

சொன்னேன்:
உங்கள் பக்கத்துக்கு யாரும்
வேடிக்கை பார்க்க வருவதில்லை.
ஜனவரி. இரவு ஒன்றரை.
நான்காம் மாடிப் படிக்கட்டு.
குப்பைப் பையோடு வெளியே வந்தவள் முதுகுக்குப் பின்னால்
காற்று கதவைச் சாத்திவிட்டது.
காலில் வீட்டுச் செருப்பு.
கைபேசியில் மிச்சம் நான்கு சதவீதம்.
அவளுக்கு வேண்டியது பத்து எண்கள்.
நீங்களோ
கதவுக்கு வெளியே நிற்பவளை
இன்னொரு கதவுக்கு வெளியே நிறுத்துகிறீர்கள்.

மீசையை நீவி யோசித்தார்.
"சரி. ஐந்து நொடி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.
கோட்டு இல்லாமல் அவரைத் தெருவில் தள்ளி
உள்ளே தாழிட்டு
கண்ணாடி வழியே உரக்க எண்ணினேன்,
ஏழு நொடி எவ்வளவு நீளம் என்று
குளிர் சொல்லட்டும் என.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
சட்டைப்பையில் என்ன வைத்திருந்தாரோ,
நான்கு என்று வாய் திறந்தபோது
என் எதிரே நின்று
தோளில் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பூட்டைத் திறக்கவே எனக்கு நாலு போதும்" என்றார்,
பிறகு அவரே,
"படம் காட்ட ஏழா?"
தலையை இடவலமாக ஆட்டினார்.
எங்கள் ஊரில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.
இருந்தாலும்
எழுதி வாங்கிக்கொண்டேன்.

எண்ணைப் பெரிதாக்கினேன்,
கட்டைவிரல் தடுமாறினாலும் தப்பாத அளவு.
சுற்றிலும் வெள்ளை.
அவர் அனுப்பியிருந்த புகைப்படத்தைக் கேட்காமலே எடுத்துவிட்டேன்.
யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது:
சிவந்த கண்கள், கோணல் டை,
ஓரத்தில் வெட்டுப்பட்ட யாரோ ஒருத்தியின் தோள்.

"என் முகம் எங்கே?"
பக்கம் மூச்சுவிட வேண்டும் என்றேன்.
கவனம் சிதறும் என்றேன்.
எனக்கே பழகிப்போன வாக்கியங்கள்.

தலையை மேலும் கீழும் ஆட்டினார். முடியாது.
"இரவு ஒன்றரை என்றாயே.
தனியாக நிற்கிறாள் என்றாயே.
கம்பியும் சுத்தியலுமாக ஒருவன் படியேறி வருகிறான்.
அவன் நான்தான் என்று
அவள் எதைப் பார்த்து நம்புவாள்?"

அவளை உண்டாக்கியவள் நான்.
செருப்பு கொடுத்தேன், குளிர் கொடுத்தேன்,
நான்கு சதவீதம் எண்ணிக் கொடுத்தேன்.
பயம் கொடுக்க மறந்திருந்தேன்.

எண்ணுக்குக் கீழே முகம் வந்தது.
கண்ணின் சிவப்பையாவது நீக்கட்டுமா என்றேன்.
"அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

இருவருக்கும் தங்கச் சாவி ஒரு பாக்கியாகவே இருந்தது.
கடைசி நாள்
உலாவியின் உச்சியில், பெயருக்கு முன்னால்
பதினாறுக்குப் பதினாறு புள்ளியில்
சின்னதாக ஒன்று வரைந்து வைத்தேன்.
"சுழலாதா?"
சுழலாது.

பூட்டின் வயிற்றைப் பார்க்கும் உருப்பெருக்கியைக்
கண்ணில் பொருத்திக்கொண்டு
திரையருகே குனிந்தார்.
வெகுநேரம் பேசவில்லை.
"மூன்றாவது பல் தள்ளி இருக்கிறது.
இதை வைத்துக்கொண்டு
உலகத்தில் ஒரு கதவையும் திறக்க முடியாது."

யாருக்குத் தெரியப்போகிறது என்று
நாக்கு நுனி வரை வந்தது.

ஒரு புள்ளியை
இடப்பக்கம் நகர்த்தினேன்.