நடுவரிசை

பிப்ரவரி இருபத்தெட்டு. வெருலம், ஊறுகாய்க் கிடங்கு.
ஆண்டுக் கணக்கு இன்றோடு மூடுகிறது.
வாசலிலேயே காடி நெடி கண்ணைக் கரிக்கிறது.
முதலாளி ரங்கசாமி சமோசாத் தட்டை நீட்டுகிறார்.
பசிதான். வேண்டாம் என்கிறேன்.
போன வருடம் ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய்க்காக
எங்கள் அலுவலகத்தில் ஒருவன்
மூன்று பக்கம் விளக்கம் எழுதினான்.

எண்ணுவது என் வேலை இல்லை.
அவர்கள் எண்ணுவதைப் பார்ப்பதும்
ஐயம் வந்த இடத்தில் தொட்டுப் பார்ப்பதும்தான்.
நானூறு சீட்டில் நாற்பது.
நாற்பதும் சரியென்றால் மிச்சத்தை நம்பலாம்.
எவ்வளவு நம்பலாம்?
நியாயமான அளவு, என்கிறது விதி.
முற்றிலும் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றவள்
அடிப்பிடித்த பானையைக் கழுவியிருக்க மாட்டாள்.

எட்டு மணிக்கு மின்வெட்டு.
அட்டவணைப்படிதான், இரண்டு மணி நேரம்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தெம்பா டார்ச் பிடிக்கிறான்.
நீளம் பன்னிரண்டு, அகலம் எட்டு, உயரம் ஐந்து:
நானூற்றெண்பது பெட்டி.
சீட்டில் நானூற்றெண்பது. பேரேட்டிலும்.
டிக் போடப் பேனா இறங்கும்போது
வெளிச்சம் தாளை விட்டு நகர்ந்தது.
அடுக்கின் உச்சிக்கு ஏறி
அங்கேயே நின்றது.
அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்,
கை வலித்தவன் மாதிரி.

ஏணி கேட்டேன்.

மேலேயிருந்து பார்த்தால் கிணறு.
நாலு பக்கமும் பெட்டிச் சுவர்,
நடுவில் சிமெண்ட் தரை, ஒரு பல்லி,
நூற்றிருபது பெட்டி இருந்திருக்க வேண்டிய இருட்டு.

“காற்றோட்டத்துக்கு” என்றார் ரங்கசாமி, கீழிருந்து.
மூடி இறுக்கிய ஊறுகாய்க்குக் காற்று எதற்கு
என்று நான் கேட்கவில்லை.
அவர் சொன்னதை அவர் சொன்னபடி எழுதிக்கொண்டேன்.

விளக்கு வந்தபின்
காரில் உட்கார்ந்து பணித்தாளை நிரப்புகிறேன்.
வேறுபாடு: நூற்றிருபது.
சான்று: நேரில் கண்டது.
எப்படித் தெரியவந்தது?
அதற்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
கேட்டுக்கு வெளியே தெம்பா
டாக்ஸிக்காக ஒற்றை விரலை நீட்டி நிற்கிறான்.
ஒன்று நிற்காமல் போனது. இன்னொன்றும்.

‘ஏறிப் பார்த்தேன்’ என்று எழுதினேன்.
பொய் ஓர் எழுத்தும் இல்லை.

நாளைக் காலை என் கோப்பைச் சரிபார்ப்பவள் தேவரஞ்சனி.
கெட்டிக்காரி. பென்சிலைக் கடித்தபடி
நீளத்தை அகலத்தால் பெருக்குவாள்,
உயரத்தால் பெருக்குவாள், எல்லாம் பொருந்தும்.

ஏணி கேட்காமல் இருந்தால் போதும்.