மைனஸ் ஏழரை

நொவீனா, ஏழாவது மாடி.
"பச்சைப் புள்ளியையே பாருங்கள்" என்கிறார் டாக்டர் கோ.
பார்க்கிறேன்.
புள்ளி கலைந்து
தண்ணீரில் விழுந்த சாயமாகிறது.
எதுவோ பொசுங்கும் வாடை.
என்னுடையதுதான்.
வலது கண்ணுக்குப் பதினெட்டு நொடி, இடதுக்கு இருபது.
நர்ஸ் ஹஸ்லிண்டா என் விரல்களைப் பிடித்தபடி
மலாயில் பின்னோக்கி எண்ணுகிறாள்:
லாப்பான், துஜு, எனாம்...

மறுநாள் காலை
கண்மூடியின் ஒட்டுநாடாவை உரித்ததும்
எதிர் புளோக் பதினோராம் மாடியில்
கழியில் காயும் கால்சட்டையின்
பட்டன் தெரிகிறது.
இத்தனை வருடம் பூனை என்று நான் நினைத்திருந்தது
ஒரு பிளாஸ்டிக் பை.

உன்னிடம் சொல்லாத ஒன்று, பரணி.
சண்டையின் நடுவில்
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேனே,
அது அழுக்கால் இல்லை.
கழற்றியதும் உன் முகம்
வாயில்லாத வட்டமாகிவிடும்.
குரல் மட்டும் வரும்,
பக்கத்து வீட்டு டிவி போல.

நேற்றிரவு, சொட்டு மருந்து நேரத்தில்,
ஏர்கானில் தொடங்கி
என் அண்ணன் கடனுக்கு வந்தாய்.
கை தானாக மூக்கின் மேல் போனது.
இரண்டு பள்ளம்தான் இருந்தது அங்கே.

வேறு வழியின்றிப்
பார்த்தேன்.
இடது புருவத்தில் ஒற்றை நரை.
கத்தும்போது
உன் கீழுதடு நடுங்குமா, எப்போதுமா?

"என்ன அப்படிப் பார்க்கிறாய்?" என்றாய்.
பிறகு, குப்பியைக் குலுக்கி,
"தலையை நிமிர்த்து."

முதல் சொட்டு கண்ணில்.
இரண்டாவது கன்னத்தில்.