ஒப்படைப்புப் படிவம்

சப்பாத்து இரண்டு சோடி. பெற்றுக்கொண்டேன்.
தலைக்கவசம் ஒன்று, பட்டி அறுந்தது.
தண்ணீர்ப் போத்தல். நுளம்பு வலை. இடுப்புவார்.
ஆறாவது வரியில் பேனை நிற்கிறது:
மூளைப் பதியம், ஒன்று.

“அது வராது மிஸ்” என்கிறார் மிஹ்ளார்,
கிண்ணியாக்காரர், முப்பத்துநாலு வயது.
இடது காதுக்குப் பின்னால்
ஒரு ரூபாய்க் குற்றியளவுக்கு முடி முளைக்கவில்லை.
“வேர் புடிச்சிட்டாம். டொக்டர் எழுதித் தந்திருக்கார்.”

பதியம் வைத்தால் வேர்தானே பிடிக்கும்.
பெயர் வைத்தவருக்கு ஒரு செவ்வரத்தையாவது
வீட்டில் இருந்திருக்காதா?

உட்துறைமுக வீதியில் எங்கள் கந்தோர்.
மின்விசிறி இரண்டு, ஒன்று சுற்றும்.
சுற்றறிக்கையைப் புரட்டுகிறேன்:
திரும்பப் பெற இயலாத உடைமைக்குத்
தேய்மானம் போக மிச்சத்தை
ஓய்வூதியத்தில் பிடிக்க வேண்டும்,
மாதாமாதம், இருபத்திரண்டு வருடம்.
தன் தலைக்குள்ளேயே வாடகைக்கு இருக்கப்போகிறார் மனிதர்.

“இயங்குநிலை?” படிவம்தான் கேட்கிறது.

“நேத்து அஸருக்கு முன்னால நிப்பாட்டினாங்க.
அதுவரைக்கும் வேலை செஞ்சது.
பாலத்துல பஸ் போகக்குள்ள
எந்தத் தூண்ல வெச்சா விழும் எண்டு
பச்சைப் புள்ளி காட்டும். மூணாவது தூண்.
பக்கத்துல மகள் இருப்பா, ஸ்கூல் பேக்கோட.
சந்தையில பாரை வாங்கினா
வெட்டுறவர்ர கை மட்டும் சிவப்பாகும்.”

“பயமா இருக்காதா?”
இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை.

“அதத்தான் தரல்லையே அவங்க.
பதினொரு வருஷம்.
பக்கத்துல நிண்டவன் விழுந்தா
லிஃப்ட் வந்து நிண்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.
நிப்பாட்டினா எல்லாம் சேர்ந்து வருமாம்,
அரியர்ஸ் மாதிரி.
இன்னும் ஒண்டும் வரல்ல.”

நிலுவை என்றால் எனக்குத் தெரியும்.
இந்தக் கந்தோரிலிருந்து எந்த நிலுவையும்
ஒரே தவணையில் போனதில்லை.
‘இயலாது’ என்று எழுதினேன்.
இளஞ்சிவப்புப் பிரதியைக் கிழித்துக் கொடுத்தேன்.

படலையடியில், சைக்கிள்கள் நிற்கிற இடத்தில்,
கோட்டையிலிருந்து இறங்கி வந்த மான் ஒன்று
அவர் விரலிலிருந்து அதை இழுத்தது.
யன்னலால் பார்த்தேன்.
துரத்துவார் என்று நினைத்தேன்.
அவர் மானைப் பார்த்துக்கொண்டு நின்றார்,
வாய் எதையோ எண்ணத் தொடங்கி
எண் வராமல் திறந்தபடியே இருந்தது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.

இரும்புக் கம்பியைப் பிடித்தார். முழங்கால் மடிந்தது.
மானும் ஓடவில்லை,
வாயிலிருந்து படிவத்தின் பாதி தொங்க
அவரையே பார்த்தது.
முதல் தவணை.

அடுத்த இலக்கத்தைக் கூப்பிடச் சொன்னார்கள்.
கொஞ்சம் பொறுங்கோ என்றேன்.
பிரதி மானின் வயிற்றில். மூலம் என் கையில்.
அதைக் கசக்கி மேசைக்கடியில் போட்டுவிட்டு
புதுப் படிவம் எடுத்தேன்.
சப்பாத்து, தலைக்கவசம், போத்தல், வலை, வார்.
மூளைப் பதியம், ஒன்று. பெற்றுக்கொண்டேன்.

களஞ்சியத்தில் தேடுகிறவர்கள் தேடட்டும்.
தண்ணீர் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.