சிவப்பு, வாசனையுள்ளது

துவாஸ் ஆலையில் எனக்கு ரோஜா என்பது
பதினான்காம் எண் பீப்பாய்.
முகமூடி, கையுறை, ரப்பர் காலணி.
மூடியைத் திருகினால் உள்ளே
தண்ணீர் மாதிரி ஒன்று, நிறம்கூடக் கிடையாது.
ஒரு கரண்டி, ஓராயிரம் சோப்புக்கு.
வீடு திரும்பும் பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரர் மூக்கை உறிஞ்சுவார்,
எந்தக் கல்யாணத்திலிருந்து வருகிறாள் இவள் என்று.

அதனால்தான் உயிருள்ளதாக ஒன்று வேண்டுமென்று தோன்றியது.
சிவப்பு.
ஆரஞ்சு கலந்த சிவப்பில்லை,
கறுப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பிய சிவப்பு.
நீள மொட்டு, காம்புக்கு ஒரு பூ:
ஹைப்ரிட் டீ.
இதில் டீ எங்கே வந்தது என்றார் தயாளன்.
தெரியவில்லை என்றேன்.
தெரியாமலா வாங்கப் போகிறாய் என்றார்.
உங்களைக் கூடத்தான், என்றேன்.

தாம்சன் சாலையில் டியோவின் நாற்றங்கால்.
பனியனும் தொங்கல் தொப்பியுமாய்
உரமூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.
"வாசனை வேண்டுமா, ஆயுள் வேண்டுமா?"
ஜோசியர் கேட்கிற கேள்வி.

மூன்று தொட்டிகளை இழுத்து முன்னால் வைத்தார்.
மிஸ்டர் லிங்கன், என் தோளுக்கு வளர்ந்தவர்;
ஒன்பதாம் மாடிக் காற்றுக்கு ஒடிந்துவிடுவார்.
ஒக்லஹோமா, மொட்டிலேயே இருட்டு.
மூன்றாவது, பாப்பா மெய்யான்:
நமக்குப் பாப்பா, பிரெஞ்சில் அப்பாவாம்.
மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்,
மூன்றுக்கும் குளிர் பிடிக்கும்,
மூன்றும் இங்கே சாகும் என்றார் டியோ,
விற்க உட்கார்ந்தவர்.

நாலாவதாக ஒன்று ஓரத்தில் நின்றது.
மெழுகு தேய்த்த இலை, உடம்பெல்லாம் பூ,
பூச்சி அண்டாது, மழைக்கு அஞ்சாது.
குனிந்து முகர்ந்தேன்.
புது பிளாஸ்டிக் வாளிக்குள் முகத்தை விட்டாற்போல் இருந்தது.
"எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்."
எல்லோரும் வாங்கட்டும்.

வெயில் ஏறினால் வாசனை உள்ளே போய்விடும்,
விடிந்ததும் வா என்றார்.
மறுநாள் ஏழு மணிக்குப் போனேன்.
ஆலையில் சொல்லிக்கொடுத்தபடி
மூச்சை வெளியே விட்டு, கண்ணை மூடி,
மூன்று முறை, இடையே என் சட்டைக் கையை முகர்ந்து.
பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன்.
அதன் இலையில் அப்போதே
ஒரு கரும்புள்ளி. பார்த்தேன். பார்க்காத மாதிரி
பணத்தைக் கொடுத்தேன்.

ஜூரோங் வெஸ்ட், தாழ்வாரம்.
நகரமன்றக் கடிதம் வராத அளவுக்குச் சுவரோடு ஒட்டி,
கொசு ஆய்வாளர் வராத அளவுக்குத் தட்டில் நீர் வடித்து,
காலை வெயில் மட்டும் படும்படி
மூன்று முறை இடம் மாற்றி,
கடைசியில் வெயில் இருந்தது
பக்கத்து வீட்டு ரோஹானாவின் செருப்பு அடுக்கு முன்னால்.
கேட்டேன். வைத்துக்கொள் என்றார்.

ஐந்து மாதம் புள்ளி, மருந்து, மழை, புள்ளி.
ஆறாவதில் ஒரு பூ. படத்தில் கண்டதில் பாதி.
இரவு வேலை முடித்து வந்து குனிந்தால்
பீப்பாய் பதினான்கு.
வேறொன்றும் இல்லை. என் மூக்குக்கு
வேலை நேரம் முடியவேயில்லை போலும்.

பள்ளிக்குக் கிளம்பிய டானிஷ்,
ரோஹானாவின் கடைசிப் பையன்,
ஒற்றைச் செருப்போடு நின்று முகர்ந்தான்.
"பாண்டுங்!" என்றான்.
அந்த இளஞ்சிவப்புப் பாலின் வாசனையும்
எங்களைப் போன்ற ஓர் ஆலையின் பீப்பாயிலிருந்துதான் போயிருக்கும்.
சொல்லவில்லை. இன்னொரு முறை முகர்ந்தான்,
நெற்றியைச் சுருக்கி.
"இல்லை. அதில் இந்தக் காரம் இருக்காது."

என்ன காரம் என்று கேட்பதற்குள்
மின்தூக்கி அவனை மூடிக்கொண்டது.
குளித்துவிட்டு வந்தும் குனிந்தேன்.
கிராம்பா? மிளகா? நனைந்த இரும்பா?
தயாளனை எழுப்பி முகரச் சொன்னேன்.
ரோஜா வாசனை அடிக்கிறது என்றார்,
திரும்பிப் படுத்தார்.

மறுநாள் இதழ்கள் செருப்புகளுக்குள் கிடந்தன.
இன்று கிள்ளிய இலை ஐந்து.
மிச்சம் பதினொன்று.
உச்சியில், கொத்தமல்லி விதையளவில்
ஏதோ ஒன்று. மொட்டாகவும் இருக்கலாம்.