ஒத்திகை

முத்துப்பட்டணத்தில் எங்கள் மாடிக்கு
முப்பத்தெட்டுப் படிகள்.
ஒன்பதாவது மட்டும் அரை அங்குலம் உயரம்.
புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் தடுக்குவார்கள்.

போன வெள்ளிக்கிழமை
ஐந்து கிலோ அரிசிப் பையை
இடுப்பில் ஏந்தி ஏறிப் பார்த்தேன்.
இடது கை பையை அணைத்திருக்க
வலது கையில் சாவி, பால் பாக்கெட், குடை.
ஒன்பதில் நின்று மூச்சு வாங்கினேன்.
"கடைப் பையன் மேலே கொண்டுவந்து தரமாட்டானா?"
கீழ்வீட்டு உண்ணாமலை அக்கா கேட்டாள்.
"அரிசிதானே அக்கா" என்றேன்.
சேவுகமூர்த்தியிடம் சொல்லவில்லை.

கோட்டையூர் தாண்டி,
மஞ்சள் பூசிய கல்லில்
மனை எண் நாற்பத்தேழு. நாலேகால் சென்ட்.
புரோக்கர் ஆவுடையப்பன்
கருவேலங்குச்சியால் காற்றில் வீடு கட்டினார்:
இங்கே ஹால், இங்கே அடுப்படி,
ஈசானியத்தில் போர்.
"தண்ணி சர்க்கரை மாதிரி இருக்கும்மா."
பக்கத்து மனைக் குழாயில் குடித்துப் பார்த்தேன்.
உப்பு.
"மழை பெஞ்சா மாறிடும்."
செம்மண் செருப்பில் ஏறி
ஸ்கூட்டரில் இறங்கி
நாலு நாள் எங்களோடு போய் வந்தது.

கணக்கு நோட்டில் நடுவே ஒரு கோடு.
வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு.
தவணை பதினேழாயிரம், இருபது வருடம்.
அது முடியும்போது எனக்கு ஐம்பத்திரண்டு.
இங்கே: கூப்பிடு தூரத்தில் மருந்துக்கடை,
என் தும்மலுக்கு 'நூறு' சொல்லும்
எதிர்வீட்டு ஜன்னல்.
அங்கே: கை தட்டிப் பார்த்தேன்.
சத்தம் போய்த் தைலமரத் தோப்பில்
தங்கிவிட்டது.
துணி காய ஒரு மணி நேரம் போதும்.
எந்தப் பக்கம் என்று தெரியாமல்
நாய்களை இரண்டு பக்கமும் எழுதினேன்.

பிறகு இன்ஜினியரின் வரைபடம் வந்தது.
பத்துக்குப் பதினொன்று அறையில்
பென்சிலால், பொடி எழுத்தில்:
பிள்ளைகள் அறை.
அவரிடம் நாங்கள் சொல்லவில்லை.
எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டதில்லை.
இத்தனை நாள் பேசியதெல்லாம்
சதுர அடி, பட்டா, வில்லங்கம்.
அவன் அந்த வார்த்தையின்மேல்
டீ டம்ளரை வைத்தான்.
எடுத்தபோது அதைச் சுற்றி ஈர வட்டம்.
பீரோவில் என் மாத்திரை அட்டையில்
மிச்சம் ஆறு.
"பன்மையில போட்டிருக்கார், பாரு" என்றான்.
சிரித்தோம், கொஞ்சம் கூடுதலாகவே.

அன்று இரவு தூக்கம் வராமல் கேட்டேன்:
"அங்கேயிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?"
"பகல்லயா?"
"அது பகல் பார்த்தா வரும்?"

ஒன்றரை மணிக்கு நாற்பத்தேழாம் மனையில்
இல்லாத வாசலுக்கு வந்து
இல்லாத கதவைப் பூட்டினோம்.
அவன்தான் பூட்டினான்,
இழுத்தும் பார்த்தான்.
போனில் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு
ஒருபக்கமாக உட்கார்ந்தேன்.
அப்போது அப்படித்தான் உட்கார முடியுமாம்.
பள்ளம் வந்தபோதெல்லாம்
முட்டைத் தட்டு ஏற்றியவன்போல ஓட்டினான்.

பதினோராவது நிமிடம், ரயில்வே கேட்.
மூடியிருந்தது.
எஞ்சினை அணைத்ததும் சுவர்க்கோழிகள்.
ராமேஸ்வரம் வண்டி
தூங்கும் தலைகளோடு நிதானமாக வந்தது,
அதைவிட நிதானமாகப் போனது.
கேட் கீப்பர் டார்ச் அடித்து
என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார்.
"ஆஸ்பத்திரிக்கா? அவசரமா?"
சேவுகன் வாய் திறந்து, மூடினான்.
"இல்லைங்க" என்றேன்.
"இன்னும் இல்லை."

ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை விழித்திருந்தது.
ஆளுக்கொரு டீ.
பிரசவ வார்டுக்கு ஃபிளாஸ்க் நிரப்ப வந்தவன்
சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.
நாங்கள் சொல்லவில்லை.
அவன் அதைப் பிறகு தெரிந்துகொள்ளட்டும்.

விடிந்து, படியேறி, பால் காய்ச்சும்போதுதான்
ஸ்டாப்வாட்சை நிறுத்தாதது தெரிந்தது.
நாலு மணி நேரம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
ஓடிக்கொண்டிருந்தது.
அதன்மேலேயே ஆவுடையப்பனின் அழைப்பு.
"என்னம்மா, டோக்கன் போட்டுடலாமா?"
"அந்த கேட்டு
ராத்திரியில எத்தனை தடவை மூடுவாங்கன்னு
கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.