தகுதிப் படிவம்

மூன்று படிகள். நீல மை.
அடித்தல் திருத்தல் கூடாது.
பன்னிரண்டு வரிசை, பன்னிரண்டு பெண்கள்,
ஒவ்வொரு புகைப்படத்தின் மேலும்
பாதி முகத்தை மறைத்தபடி முதல்வரின் முத்திரை.

நான் பந்தைத் தொட்டதில்லை.
காரைக்குடிக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்தில்
மூன்றாவது மேசை என்னுடையது.
சன்னலுக்கு வெளியே ஆடுகளம்.
காற்றடித்தால் செம்மண் வந்து
ஃப்ரீ த்ரோ கோட்டை மூடிவிடும்.
கேப்டன் சொர்ணவல்லி துடைப்பத்தோடு வந்து
அதைத் திரும்பக் கண்டுபிடிப்பாள்.

ஜூன் மாதம்
எங்கள் உயரமெல்லாம் கிளம்பிப் போனது.
நிலோஃபர் கோயம்புத்தூருக்கு: விடுதி இலவசம், ஷூ இரண்டு ஜோடி.
தமயந்தி சென்னைக்கு, விடிகாலைப் பல்லவனில்,
யாரிடமும் சொல்லாமல்.
மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை: நன்று' என்று
நான்தான் எழுதினேன்.
வேறு எதுவும் எழுத அதில் இடமில்லை.

பி.டி. மேடம் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினார்.
கூட்டி வந்தது ஜெபக்கனியை.
ஆறடி ஒரு அங்குலம். அலுவலகத்துக்குள் குனிந்து வந்தாள்,
குனியத் தேவையில்லாத வாசலில்.
தாளாளர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:
"எங்க வீட்ல மூணு தலைமுறையா
பிள்ளை கூட்டிக்கிட்டதுதான்.
கூட்டியாந்த பிள்ளைதான் வீட்டைக் கட்டுச்சு."
நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் பிள்ளை கூட்ட
கோயில் மாலை வந்தால் போதும்.
பல்கலைக்கழகத்துக்கு
இணைத்தன்மைச் சான்று, இடப்பெயர்வுச் சான்று,
பழைய கல்லூரியின் தடையில்லாக் கடிதம்
(ஐந்து வாரம் அவர்கள் போனை எடுக்கவில்லை),
வருகை எழுபத்தைந்து சதவீதம்.
அரியர் இருக்கவே கூடாது.

அவளுக்கு ஒன்று இருந்தது.
அலைடு மேத்ஸ். முப்பத்தொன்று.

பயிற்சி முடிந்து விளக்கணைக்கும்வரை
சொர்ணவல்லி அவளோடு உட்கார்ந்தாள்.
வட்டத்தின் சமன்பாட்டை
மைதானத்தின் நடுவட்டத்துக்குள்ளேயே
சாக்பீஸால் போட்டு வைக்கிறார்கள் என்று
வாட்ச்மேன் என்னிடம் புகார் சொன்னார்.
எழுதி வாங்கிக்கொண்டேன். கோப்பில் இருக்கிறது.

நாற்பத்திரண்டு எடுத்தாள்.
மேடம் அலுவலகத்துக்கும் சேர்த்து ரோஸ்மில்க் வாங்கினார்.

அன்றிரவுதான் முதல் வரிசைக்கு வந்தேன்.
பெயர். பிறந்த தேதி.
பன்னிரண்டாம் வகுப்பு தேறிய ஆண்டு.
விரல் விட்டு எண்ணினேன்.
காலண்டரை இறக்கி மறுபடி எண்ணினேன்.
அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்த வருடம்,
ஜவுளிக்கடையில் பில் போட்ட அடுத்த வருடம்,
இரண்டையும் அவள் ஆடிய வருடங்களாகவே
விதி கூட்டிக்கொள்கிறது.

7-க்கு ஒரு சுழி போட்டால் 9.
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
அடித்தல் திருத்தல் கூடாது.

மறுநாள் சொல்ல வாயெடுத்ததும்
"தெரியும் சார். போன வருசமே எண்ணிட்டேன்" என்றாள்.
அப்புறம் எதற்காக அந்த மேத்ஸ் என்று
நான் கேட்கவில்லை.
அவள் கேட்டது ஒன்றுதான்:
ஆறாம் நம்பர் பனியனை யாருக்குக் கொடுப்பீர்கள்.

பதினோரு பேர்.
'நிரப்பாத வரிசையைக் குறுக்கே கோடிட்டு அடிக்கவும்'
என்று அடிக்குறிப்பில் இருந்தது.
ஸ்கேல் வைத்து அடித்தேன்.

மண்டலப் போட்டி எங்கள் களத்தில்தான்.
ஸ்கோர் மேசையில் ஆள் வேண்டுமென்றார்கள், அவள் உட்கார்ந்தாள்.
எங்கள் கோயில் வரிக் கணக்கில்
கல்யாணமானவன்தான் புள்ளி;
ஒற்றை ஆளை எண்ணமாட்டோம்.
ஸ்கோர் தாளில் வேறு வழக்கம்.
கூடைக்குச் சாய்கோடு.
ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும்தான்
நிஜமாகவே ஒரு புள்ளி, கறுப்பாக, நிறைத்து.

கடைசி நிமிடம். ஒன்று குறைவு. விசில்.
ஜெபக்கனி குனிந்து
கோட்டின் மேலிருந்த மண்ணை
உள்ளங்கையால் தள்ளினாள்.
பந்தை மூன்று முறை தட்டினாள்.

நான் வளையத்தைப் பார்க்கவில்லை.
மேசையைப் பார்த்தேன்.
பேனா முனை தாளுக்கு
ஒரு விரற்கடை மேலே நின்றிருந்தது.